லைட் பிடிக்கிறவள்

நாற்காலிகளை எங்கே இறக்குவது என்று கொழுந்தன் வந்து கேட்டபோது அவள் காருக்கு அடியில் கையை விட்டுப் பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் துழாவிக்கொண்டிருந்தாள். டிரேயில் எட்டு இருந்தது, பன்னிரண்டு இருந்தது, பத்தைத்தான் காணோம். நேற்று அவர் மூன்று தடவை கீழே போட்டது அது.

"அண்ணி, ஐம்பது சேர் வந்திருக்கு. வண்டி வெளிய போனாத்தான் போட முடியும். ஆம்புலன்ஸும் உள்ள வரணும்ல."

"இருங்க."

"வீலை மட்டும் மாட்டிட்டா நாலு பேரா தள்ளிருவோம். நீங்க உள்ள போங்க, நான் பாத்துக்கறேன்."

"இருங்கன்னு சொல்றேன்ல."

ஸ்பேனர் கிடைத்தது. பழைய துணியில் அதைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கொழுந்தன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வண்டி விஷயம் தெரியாதவர் இல்லை. ஆனாலும் அண்ணனைப் பறிகொடுத்த காலையில் அண்ணி எதற்காக ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள் என்பது அவருக்குப் புரியவில்லை. நாற்காலிக்காரனிடம் போய் ஏதோ சொல்லி, தெருவிலேயே அடுக்கச் சொன்னார்.

அந்த வீட்டின் கேட்டைத் திறந்தால் நேராகத் தகரக் கூரை போட்ட ஷெட்தான். அதைத் தாண்டித்தான் வீட்டுக் கதவு. விருந்தாளியோ கடன்காரனோ, யார் வந்தாலும் பழுதுக்கு நிற்கிற வண்டியை உரசிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். இப்போது நிற்பது எதிர்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் கார். பானட் திறந்து, முன் பக்கம் வலது வீல் கழற்றி, ஸ்டாண்டின் மேல் நிற்கிறது.

அவளுடைய கணவரை அந்தப் பக்கத்தில் எல்லோரும் டைமிங் என்றுதான் கூப்பிடுவார்கள். தன் கல்யாணத்துக்கே முக்கால் மணி நேரம் தாமதமாக வந்த மனுஷர். டைமிங் பெல்ட் மாற்றுவதில் அவரை அடிக்க ஆளில்லை என்பதால் அந்தப் பேர். நேற்று காலை எட்டு மணிக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் காரில் அந்த வேலையைத்தான் ஆரம்பித்தார். மதியம் ஒன்றரைக்கு சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். செல்ஃப் மோட்டார் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. நான்கு தடவை திருப்பினார். ஐந்தாவது தடவை திருப்பவில்லை. கதவைத் திறந்து இறங்கியவர், இறங்கிய இடத்திலேயே சரிந்தார். இன்று விடியும்போது ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். காகிதங்களையெல்லாம் முடித்துக்கொண்டு மகள் அவரைப் பதினோரு மணி வாக்கில் கொண்டுவருவாள்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்கிற டென்ஷன், அதுதான் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு நாள் கூட வேலையில் கெட்ட பேர் வாங்காத ஆளல்லவா, தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டு டெய்லரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு இதையே நாலு விதமாகச் சொன்னாள். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னாள், பாவம். ஒவ்வொரு தடவையும் அது அவள் நெஞ்சில் ஆணி அடித்ததைப் போல இறங்கியது. ஒரு கட்டத்தில் கையை உருவிக்கொண்டு ஷெட்டுக்கு வந்துவிட்டாள். புத்தி பேதலித்துவிட்டது என்று உள்ளே குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

கார் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அவர் உள்ளே வருவதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டும்.

இன்ஜினில் மேலே ஒரு பல் சக்கரம், கீழே ஒரு பல் சக்கரம். இரண்டையும் கட்டி இழுப்பது டைமிங் பெல்ட். சக்கரங்களில் ஆளுக்கொரு சின்னக் கோடு உண்டு. இரண்டு கோடும் அதனதன் இடத்தில் நிற்கும்போதுதான் பெல்ட்டைப் போட வேண்டும். ஒரு பல் தள்ளிப் போட்டாலும் இன்ஜின் முரண்டு பிடிக்கும். அவர் கீழே வீல் பக்கத்தில் உட்கார்ந்து கீழ்ச் சக்கரத்தைத் திருப்புவார். மேல் கோடு அங்கிருந்து தெரியாது. அவள் பானட்டுக்கு மேல் குனிந்து, லைட்டைப் பிடித்து, கோடு வந்து சேர்கிற நொடியில் "சேர்ந்துச்சு" என்பாள். அந்த வார்த்தை வராமல் அவர் பெல்ட்டைத் தொட மாட்டார். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். ஒரு வண்டி திரும்பி வந்ததில்லை.

நான்கு நாள் முன்பு காரை விட வந்த ஹெட்மிஸ்ட்ரஸ், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்த அவளைப் பார்த்து, "நீங்களும் மெக்கானிக்கா?" என்று ஆசையாகக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"அவ லைட் புடிப்பா மேடம். அவ்வளவுதான்."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஹெட்மிஸ்ட்ரஸும் சிரித்தார். இருபத்திரண்டு வருஷத்தை ஒரு டார்ச்சுக்குள் போட்டு மூடிவிட்டாரே மனுஷன் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து பேச்சு நின்றது. நேரத்துக்குச் சாப்பாடு வந்தது, டீ வந்தது, கூப்பிட்ட இடத்தில் லைட்டும் வந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. அவர் சளைக்காமல் பேசிப் பார்த்தார். அவளுக்குக் கேட்கட்டும் என்று ஜாக்கியிடம் பேசினார், ஆயில் டின்னிடம் மன்னிப்புக் கேட்டார். சிரிப்பு வந்த இடங்களில் அவள் திரும்பி நின்றுகொண்டாள். லைட் பிடிக்கிறவள்தானே, லைட்டுக்கு என்ன வாய்.

நேற்றும் அப்படியே. கோடு பார்க்கும் நேரத்தில் கீழேயிருந்து, "சேர்ந்துச்சா?" என்று கேட்டார். அவள் டார்ச்சின் அடிப்பக்கத்தால் மட்கார்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு பெல்ட் ஏறியது.

உண்மையில் பார்த்தேனா? ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவளைக் குடைந்தது இதுதான். கோடு நேராக நின்றதைக் கண்ணால் பார்த்துத்தான் தட்டினாளா, இல்லை, வேலை முடிந்தால் சரி என்று கோபத்தில் தட்டினாளா? நினைவைக் கசக்கிப் பிழிந்தும் கோடு ஞாபகத்துக்கு வரவில்லை. தட்டிய சத்தம் மட்டும் வந்தது. கோடு தள்ளியிருந்தால், கார் கிளம்பாததற்கு அவள்தான் காரணம். எல்லோரும் சொல்கிற அந்த டென்ஷனுக்கும் அவள்தான். அவர் சாவியை நாலு தடவை திருப்பிவிட்டு, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் அப்படியே இருக்கிறது.

மேல் மூடியின் நாலு போல்ட்டையும் கழற்றினாள். நன்றாக முடுக்கியிருந்தார். கொழுந்தன் திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். அவரிடம் லைட்டைக் கொடுத்தாள்.

"இதை மட்டும் புடிங்க."

அவர் மறுபேச்சுப் பேசாமல் பிடித்தார். அழுத கண். அவள் கீழே உட்கார்ந்து, நீளக் கைப்பிடி போட்ட பாக்ஸ் ஸ்பேனரால் கீழ்ச் சக்கரத்தை மெல்லத் திருப்பினாள். இன்ஜின் மூச்சுப் பிடித்துப் பிடித்து நகர்ந்தது. கீழ்க் கோடு வந்து நின்றதும் எழுந்து, மேலே பார்க்காமல் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். உள்ளே யாரோ புதிதாக வந்து அழும் சத்தம் கேட்டது. பிறகு பார்த்தாள்.

மேல் கோடு மயிரிழை விலகாமல் தன் இடத்தில் நின்றது.

நம்பாமல் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி பார்த்தாள். மறுபடியும் அதே இடம். அவள் பார்த்துத்தான் தட்டியிருக்கிறாள். கோபம் கண்ணை மறைக்கவில்லை. காரின் பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்றிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. கொழுந்தனும் என்ன ஏது என்று கேட்காமல் கூடவே அழுதார்.

"கோடு சரியா இருக்கு," என்றாள். "நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன்."

"அதுல என்ன அண்ணி சந்தேகம்? நீங்க சொல்லி எப்ப தப்பாச்சு?"

அத்தோடு விட்டுவிட்டு உள்ளே போயிருக்கலாம். மனசு லேசாகிவிட்டது. ஆனால் இவ்வளவு வருஷ வேலைப் பழக்கம் அவ்வளவு லேசில் விடாது. கோடு சரி என்றால், பிறகு ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை? மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, கொழுந்தனைச் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பச் சொன்னாள். செல்ஃப் சுற்றியது. ஜன்னல் வழியாக அவள் டேஷ்போர்டைப் பார்த்தாள். இன்ஜின் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் லேசாகவாவது துடிக்க வேண்டும். அது செத்துக் கிடந்தது.

"சென்சார்," என்றாள். கீழ்ச் சக்கரம் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சார் ஒன்று உண்டு. அதிலிருந்து தகவல் போகாவிட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலும் விடாது, பொறியும் விடாது. பெல்ட் மாற்றும்போது அதன் வயரைக் கழற்றிவிட்டு, கடைசியில் மாட்ட வேண்டும். வயர் முனையில் இருக்கிற கப்ளரைச் செருகுகிற வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வார்.

வீல் இல்லாத இடத்தில் நேற்று அவர் உட்கார்ந்த பலகையிலேயே உட்கார்ந்து, லைட்டை உள்ளே அடித்தாள்.

கப்ளர் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

மறந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு லைட்டைக் கிட்டே கொண்டுபோனாள். சென்சாரைச் சுற்றி, அது பொருத்தியிருக்கும் இரும்பு முழுவதும், கறுப்பு கிரீஸ் தீற்றல்கள். பத்து, பதினைந்து இருக்கும். கப்ளரைக் கொண்டுபோய்க் கொண்டுபோய், இடம் தவறித் தவறி இடித்த தடம். அந்த இடத்துக்கு இடது கைதான் போகும். கீழ் மூடியைப் பார்த்தாள். வலப்பக்க போல்ட் இரண்டும் இறுக்கமாக இருந்தன. இடப்பக்கம் ஒன்று கோணலாக ஏறி நின்றது. இன்னொன்று மாட்டவே இல்லை. அது கீழே தரையில் கிடந்தது.

அவள் லைட்டை அணைக்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். நேற்றுக் காலை ஒவ்வொன்றாக வந்து நின்றது.

முதல் தடவை ஸ்பேனர் விழுந்தபோது எதிர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது மணி பெல் அடித்தது. "எடுத்துக் குடேன்" என்றார். குனிந்து எடுத்தால் ஒரு வார்த்தை பேச வேண்டி வரும், அதற்குத்தான் போடுகிறார் என்று அவள் அசையவில்லை. அவரே தவழ்ந்து போய் எடுத்துக்கொண்டார். இரண்டாவது தடவை விழுந்தபோது, நடிப்புக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று நினைத்தாள். டீயைக் குடிக்கும்போது வாயோரம் வழிந்து சட்டையில் ஒழுகியது. அவளைச் சிரிக்க வைக்கக் குழந்தை மாதிரி செய்கிறார் என்று சுவரைப் பார்த்துக்கொண்டாள். "லைட்ட இங்க காட்டு" என்று இரண்டு முறை சொன்னார். வார்த்தை கொழகொழவென்று வந்தது. போல்ட்டை உதட்டில் கவ்விக்கொண்டு பேசுகிற பழக்கம் அவருக்கு உண்டு. லைட் அங்கேதான் இருந்தது. வம்புக்கு இழுக்கிறார் என்று அதை இம்மியும் நகர்த்தவில்லை. அரை மணி நேரத்தில் மூடுகிற மூடிக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார். தன்னை நிற்க வைத்துப் பழி வாங்குவதாக நினைத்து, அவளும் விடாப்பிடியாக நின்றாள்.

மேலேயிருந்து அவர் தலையின் உச்சி மட்டும்தான் தெரிந்தது. குனிந்து முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். எப்போது ஆரம்பித்தது? மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது, ஆனால் ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள்தான் போடலாம், அதைத் தாண்டிப் போட்டால் உள்ளே ரத்தம் கசிகிற அபாயம் அதிகம் என்றார். யோசித்துச் சொல்லச் சொன்னார்.

"ஒன்றரை மணிக்கு டாக்டர். என் கண்ணு முன்னாலதான் விழுந்தாரு."

"அதுக்கு முன்னாடி கை மரத்துப் போறது, பேச்சு குழறுறது, அப்படி ஏதாவது?"

"இல்ல டாக்டர். காலைலேருந்து நான் கூடவேதான் நின்னேன்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டேமுக்காலுக்கு ஊசி போட்டார்கள். இரவில் தலைக்குள் ரத்தக் கசிவு என்றார்கள். சில பேருக்கு இப்படி ஆகிவிடும் என்றும் சொன்னார்கள்.

அவள் கப்ளரை எடுத்தாள். அவள் இடது கை உள்ளே போனது. ஒரே அழுத்தில் கிளிக் என்று உட்கார்ந்தது. கோணல் போல்ட்டைக் கழற்றி நேராக ஏற்றினாள், தரையில் கிடந்ததைத் துடைத்து மாட்டினாள், இரண்டையும் முடுக்கினாள். பிறகு கொழுந்தனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் சாவியைத் திருப்பினார். அரைச் சுற்றுக்கூட ஆகவில்லை, இன்ஜின் பிடித்துக்கொண்டது. எந்த உதறலும் இல்லாமல், புது வண்டி மாதிரி ஓடியது. உள்ளேயிருந்து இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். கொழுந்தன் முகத்தில், அந்த நாளிலும், ஒரு பெருமை வந்துவிட்டது.

"பாத்தீங்களா அண்ணி? அண்ணன் வேலைன்னா வேலைதான். அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

"இல்ல," என்றாள்.

அவர் இறங்கி வீலை மாட்டத் தொடங்கினார். அப்போது அவள் போன் அடித்தது. மகள். நிதானமாகப் பேசினாள். அப்படித்தான் அவள், அழுவதைக்கூட வேலை முடிந்த பிறகு என்று ஒத்திவைப்பாள். எல்லாம் ஆகிவிட்டது, கிளம்ப வேண்டியதுதான், கடைசியாக ஒரு ஃபாரம் மட்டும் பாக்கி என்றாள்.

"அப்பாவுக்கு எப்ப ஆரம்பிச்சதுன்னு ஒரு கட்டம் இருக்கும்மா. டாக்டர் என்னை எழுதி கையெழுத்துப் போடச் சொல்றாரு. ஒன்றரைன்னு போட்டுறவா?"

கார் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தன் நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஃபாரத்தை இனி யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. சொல்லாமல் இருப்பது அவளுக்குக் கைவந்த கலை. நான்கு நாளாக அதைத்தானே செய்தாள்.

"அம்மா? இருக்கியா?"

"ஒன்பது மணி," என்றாள். "காலைல ஒன்பது மணின்னு எழுது."

"என்னம்மா சொல்ற?"

"அப்பவே கை வரல அவருக்கு. பேச்சும் சரியா வரல. நான் பக்கத்துலதான் நின்னேன். கவனிக்கல."

மறுமுனையில் ஆஸ்பத்திரிச் சத்தங்கள் மட்டும் கேட்டன. யாரோ யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மகள் கணக்கில் கெட்டிக்காரி. ஒன்பதிலிருந்து இரண்டேமுக்கால் வரை எண்ண அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்.

"அப்ப அந்த ஊசி..."

"ஆமா."

போன் வைக்கப்பட்டது.

கொழுந்தன் ஜாக்கியை இறக்கி, ஸ்டாண்டை உருவினார். அவள்தான் ஓட்டினாள். அவர் பின்னால் நின்று, "வாங்க... வாங்க... இடது பக்கம் ஒடிங்க... போதும்" என்று சொல்லச் சொல்ல, காரை ரிவர்ஸில் தெருவுக்குக் கொண்டுபோய், ஓரமாக நிறுத்தி அணைத்தாள். ஷெட் காலியானது. கார் நின்ற இடத்தில் ஆயில் கறை மட்டும் இருந்தது. நாற்காலிக்காரர்கள் இரண்டு வரிசையாகப் போட்டுக்கொண்டு போனார்கள். டெய்லரம்மா வந்து, கையாவது கழுவிக்கொள், எல்லோரும் பார்க்கிறார்கள் என்றாள். குழாயடியில் அவள் சோப்புத் தூளைப் போட்டுத் தேய்த்தாள். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை.

ஆம்புலன்ஸ் பதினொன்றே காலுக்கு வந்தது. தடையில்லாமல் நேராக ஷெட்டுக்குள் நுழைந்தது. முன் கதவைத் திறந்து மகள் இறங்கினாள். கூட்டத்தில் அழுகை எழுந்தது. மகளைக் கட்டிக்கொள்ள இரண்டு பேர் வந்தார்கள், அவர்களைத் தட்டிக்கொடுத்துவிட்டு அவள் பின் கதவுப் பக்கம் போனாள். டிரைவர் ஸ்ட்ரெச்சரைப் பாதி இழுத்து, தலைமாட்டில் ஒரு ஆள் பிடிக்க வேண்டும் என்றான். முகம் மட்டும் மூடப்படாமல் இருந்தது. வாயின் இடது ஓரம் கீழே இறங்கியிருந்தது.

அவள் முன்னால் போய்த் தலைமாட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். மகள் எதிரில் நின்றாள். நிமிரவில்லை.

"சித்தப்பா," என்றாள், "நீங்க வந்து புடிங்க."

கொழுந்தன் தயங்கி அண்ணியைப் பார்த்தார். அவள் கையை எடுத்துக்கொண்டு, நாற்காலிகளின் பக்கம் ஒதுங்கி, வழி விட்டு நின்றாள்.